காருக்கு ஓப்பன் ஏர் ஃபில்டர்: பெட்டி போட்டு மூடினால் சட்டம் சும்மா விடுமா?

பறிமுதல் செய்த சைலன்சர்களை வரிசையாக அடுக்கி, போலீஸ் ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். மும்பை, பெங்களூரு என்று ஊருக்கு ஊர் நடக்கிறது. சைலன்சர் வெளியே தெரியும், மாட்டிக்கொள்ளும். பானட்டுக்குள் இருக்கும் ஓப்பன் ஏர் ஃபில்டர்? அதைச் சுற்றி ஒரு பெட்டி போட்டுவிட்டால் பிரச்சினை இல்லை என்று ஆக்சஸரிஸ் கடைகளில் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்வது இது: தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொன்னது. சரி, உங்கள் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். இன்ஜின் எண், சேசிஸ் எண், சி.சி., எரிபொருள் எல்லாம் இருக்கும். ஏர் ஃபில்டர் இருக்காது. அப்போ தப்பிச்சாச்சா? அவ்வளவு சுலபமில்லை.

ஒலி, காற்று மாசு தரங்களை மீறும் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால் 190(2) பிரிவு பாயும். முதல் முறையே 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸும் 3 மாதம் போகும். 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை என்கிறது. ஆக, ஃபில்டர் என்ன பிராண்ட் என்பதல்ல கேள்வி. அதை மாட்டியபின் வண்டி எவ்வளவு சத்தம் போடுகிறது, என்ன புகை விடுகிறது என்பதுதான்.

இங்கேதான் பெட்டிக்கு வேலை. கம்பெனி கொடுக்கும் ஏர்பாக்ஸ் வெறும் பிளாஸ்டிக் டப்பா இல்லை. இன்ஜின் காற்றை உறிஞ்சும் சத்தத்தை அடக்குவதும் அதுதான். அதைக் கழற்றிவிட்டால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் 'புஸ்'ஸென்ற இரைச்சல் வெளியே வரும். சிலருக்கு அதுதான் வேண்டும் என்பது தனிக்கதை. மூடிய பெட்டி அந்த இரைச்சலைக் குறைக்கும், இன்ஜின் சூட்டையும் தடுக்கும். காற்று 10 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். பவருக்காகச் செலவழித்தவர் பவரை இழப்பார்.

ஆனால் பெட்டியால் புகையைச் சரிசெய்ய முடியாது. கிராங்க்கேஸிலிருந்து இன்டேக்குக்கு வரும் குழாயைக் கழற்றி அப்படியே திறந்து விட்டிருந்தால், எண்ணெய் ஆவி நேராக வெளியே போகும். எண்ணெய் தடவிய ஃபில்டராக இருந்து அந்த எண்ணெய் ஏர்ஃப்ளோ சென்சாரில் படிந்தால், கலவைக் கணக்கே தப்பும். பி.எஸ்.6 வண்டியில் செக் இன்ஜின் விளக்கு எரியும். பி.யு.சி. சோதனையில் யாரும் பானட்டைத் திறப்பதில்லை என்பது உண்மைதான், ஆர்.டி.ஓ. ஆய்வில் திறப்பார்கள். கலிபோர்னியாவில் அனுமதி பெற்ற பாகத்துக்கு அரசு ஓர் ஆணை எண் தருகிறது, அதைக் காட்டினால் போதும். நம் ஊரில் ஃபில்டருக்கு அப்படிக் காட்ட எதுவுமில்லை. கடைக்காரர் வாய்வார்த்தை சாட்சி ஆகாது.

அபராதத்தை விடப் பெரிய செலவு மழையில் காத்திருக்கிறது. குளிர்ந்த காற்றுக்காகக் குழாயைப் பம்பருக்குக் கீழே இறக்கியிருந்தால், தேங்கிய தண்ணீரில் ஒரே உறிஞ்சலில் இன்ஜினுக்குள் நீர் போய் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 'இன்ஜின் புரொடெக்ட்' கூடுதல் கவர் இல்லாத சாதாரண பாலிசியில் இதற்கு வழக்கமாக இழப்பீடு கிடைக்காது. கவர் இருந்தாலும், மாற்றத்தை முன்கூட்டியே சொல்லவில்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனி கை விரிக்கலாம்.

காற்று கொஞ்சம் தாராளமாக வேண்டும், அவ்வளவுதான் என்றால், கம்பெனி ஏர்பாக்ஸுக்குள்ளேயே உட்காரும் பேனல் ஃபில்டரை வாங்குங்கள். குழாய், பெட்டி எதையும் தொட வேண்டாம். ஏற்கெனவே ஓப்பன் ஃபில்டர் மாட்டியாச்சு என்றால், பழைய ஏர்பாக்ஸை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.