கைவிரல் சொல்லும் சாட்சி

புனித உம்ராவுக்குப் புறப்படும் சகோதர, சகோதரிகளே! இஹ்ராம் உடையையும் துஆக் கிதாபையும் மறவாமல் எடுத்து வைக்கும் நாம், ஜித்தா விமான நிலையத்தில் இறங்கியதும் முதலில் தேடுவது கைப்பேசிக்குரிய சிம் கார்டைத்தான். இதில் குறை காண்பதற்கில்லை. தவாஃபின் நெரிசலில் பிரிந்துவிட்ட துணைவியைத் தேடவும், ஊரில் காத்திருக்கும் முதிய தாய்க்கு ஸலாம் சொல்லவும் அக்கருவி உதவுகின்றது. ஆயினும், அச்சிறு அட்டையை வாங்குவதிலும் மார்க்கம் உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

சவூதி அரேபியாவில் சிம் கார்டு பெற விரல் ரேகை பதிய வேண்டும் என்னும் விதி 2016ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. எஸ்.டி.சி., மொபைலி, ஸைன் ஆகிய நிறுவனங்களின் முகப்புகளில் பாஸ்போர்ட்டைக் காட்டி விரலை வைக்கின்றோம். அக்கணம் முதல் அந்த எண் நம் பெயருக்குரியது. அதிலிருந்து செல்லும் ஒவ்வோர் அழைப்புக்கும் நாமே பொறுப்பாளி.

விரல் நுனிகளையும் சீராக மீண்டும் அமைக்க ஆற்றலுடையவன் அல்லாஹ் என்று அல்கியாமா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் உணர்த்துகின்றது. மறுமையில் வாய்கள் மூடப்பட்டுக் கைகள் பேசும் என்று யாஸீன் அத்தியாயத்தின் 65ஆம் வசனம் எச்சரிக்கின்றது. கருவியின் மீது விரலை வைக்கும் முஃமின் இவ்விரண்டையும் நினைவுகூர வேண்டாமா?

தெருவோரத்தில் சிலர், எவர் பெயரிலோ பதிவான சிம் கார்டைக் குறைந்த விலைக்கு நீட்டக்கூடும். சில ரியால்களை மிச்சப்படுத்த எண்ணி அதை வாங்காதீர். பிறர் பெயரில் பேசுவது பொய்யின் ஒரு வகையன்றோ? அவ்விணைப்பு எந்நேரமும் துண்டிக்கப்படலாம்; நெரிசலில் வழி தவறிய வேளையில் அது கைவிட்டால் என் செய்வீர்? அவ்வாறே, முன்பின் அறியாதவருக்காக உம் விரலை இரவல் தராதீர். ஊர் திரும்பும்போது, உம் பெயரிலுள்ள சிம் கார்டை இரக்கத்தினாலும் பிறரிடம் விட்டுவிடாதீர். அவர் செய்யும் குற்றம் உம் பெயரிலேயே எழுதப்படும்.

திருமறையின் மிக நீண்ட வசனமாகிய அல்பகராவின் 282ஆவது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வதைப் பற்றியது. எழுத்துக்கு இத்துணை மதிப்பளிக்கும் சமுதாயம், ஒப்பந்தத்தைப் படியாமல் ஏற்கலாமா? முன்பணத் திட்டமே பயணிக்கு ஏற்றது. அது எத்தனை நாட்களுக்கு, எவ்வளவு டேட்டா, தாயகத்துக்குப் பேசும் நிமிடங்கள் அதில் அடங்குமா என மூன்றையும் கேட்டறியுங்கள். ஊர் எண்ணின் டேட்டா ரோமிங்கை அணைத்து வையுங்கள். அறியாமல் ஏறும் கட்டணமும் வீண் விரயமே. உடன் வந்த முதியவர்களுக்கும் இவற்றைச் செய்து கொடுங்கள், அதுவும் நன்மையே.

கஅபாவின் முன் உயர்த்தப்படும் கைகள், முகப்பிலும் தூய்மையாக இருக்கட்டும். நம் கைகள் நமக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லும் நற்பேற்றினை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.