பத்து கோல் வாங்கிய வாத்தியார்

சேலம், நாமக்கல் பக்கத்தில் கல்லூரி திறந்ததும் கால்பந்துக் கோஷ்டிக்கு ஆள் எடுப்பார்கள். ராசிபுரத்துப் பையன் வருவான். திருச்செங்கோட்டுப் பையன் வருவான். விடியற்காலையில் மரவள்ளிக் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வருகிறவனும் உண்டு. சிலருக்குப் பூட்ஸ் இராது.

புதிதாக ஒரு பயிற்சியாளர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "பந்தைக் காலிலேயே வைத்திருக்காதே, தட்டிக் கொடு" என்கிறார். பையன்கள் தடுமாறுகிறார்கள். முதல் பந்தயம் தோல்வி. அடுத்ததும் தோல்வி. உடனே பேச்சு கிளம்புகிறது. "இவருக்கு என்ன தெரியும்? இவர் பெரிய ஆட்டக்காரரா?" வருஷம் முடிவதற்குள் வேறு ஆள் தேடுகிறார்கள்.

இது சரியா? ஐதராபாத் ரகீமின் கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லலாம்.

யார் இந்த ரகீம்?

சையத் அப்துல் ரகீம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். 1950-ல் ஐதராபாத் போலீஸ் கோஷ்டிக்குப் பயிற்சியாளர் ஆனார். அந்தக் காலத்தில் கால்பந்து என்றால் கல்கத்தா. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று பெரிய பெரிய கோஷ்டிகள் அங்கே இருந்தன. ஐதராபாத் போலீஸ்காரர்களை யார் மதிப்பார்கள்?

ரகீம் கவலைப்படவில்லை. வலது காலில் மட்டும் உதைக்கிறவனை இடது காலிலும் உதைக்கப் பழக்கினார். பழக்கம் இல்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்று போட்டியே நடத்தினார்! பந்து வந்தவுடன் அடுத்தவனுக்குக் கொடு, காலி இடத்துக்கு ஓடு என்றார். பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பை 1950 முதல் 1954 வரை ஐந்து வருஷமும் ஐதராபாத் போலீசுக்கே போயிற்று.

பத்து கோல்!

இந்தியக் கோஷ்டியையும் அவரிடம் கொடுத்தார்கள். 1951-ல் டில்லியில் நடந்த ஆசிய விளையாட்டில் ஈரானை வென்று தங்கம் வாங்கினார்கள். அடுத்த வருஷமே அடி விழுந்தது. ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியா பத்து கோல் போட்டது. இந்தியா ஒன்றே ஒன்று. குளிர் தேசம், நம் ஆட்டக்காரர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள்.

பத்து கோல் வாங்கிய பயிற்சியாளரை நம் ஊர்க் கல்லூரி வைத்துக்கொண்டிருக்குமா? சந்தேகம்தான். ஆனால் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கும் ரகீமிடமே கோஷ்டியை ஒப்படைத்தார்கள். இந்த முறை காலில் பூட்ஸ் இருந்தது. ஆஸ்திரேலியாவை 4-2 என்று ஜெயித்தார்கள். நெவில் டிசூசா மூன்று கோல் போட்டார். அரை இறுதியில் எதிரே நின்றது அதே யுகோஸ்லாவியா! முதல் கோலை இந்தியாதான் போட்டது. கடைசியில் 4-1 என்று தோற்றாலும், ஒலிம்பிக்கில் நான்காவது இடம் கிடைத்தது. இந்தியக் கால்பந்து அதற்கு மேல் ஒலிம்பிக்கில் ஏறியதில்லை.

மூன்று வருஷப் பாடம்

பழக்கம் மாற நாள் பிடிக்கும். பன்னிரண்டு வயதிலிருந்து ஒரே காலால் உதைத்த பையன் மூன்று மாதத்தில் மாறிவிடுவானா? மாறுகிறபோது முதலில் ஆட்டம் கெடத்தான் செய்யும். பட்டப் படிப்பு மூன்று வருஷம். முதல் வருஷம் விதைத்தது மூன்றாம் வருஷம்தான் கதிர் விடும். வருஷத்துக்கு ஒரு பயிற்சியாளரை மாற்றினால், பையன் மூன்று பேரிடம் மூன்று விதமாகக் கற்றுக்கொண்டு, எதுவும் கைகூடாமல் வெளியே போவான். தண்டனை பயிற்சியாளருக்கு அல்ல, பையனுக்குத்தான்.

ஓமலூர் பக்கம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவைப் பாருங்கள். ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. தாயார் காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காத்தார். பள்ளிக்கூட உடற்பயிற்சி ஆசிரியர் பையனைத் தாண்ட வைத்தார். பிறகு பெங்களூர் சத்யநாராயணா அழைத்துப் போய்ப் பழக்கினார். 2016-ல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார் மாரியப்பன். டோக்கியோவில் வெள்ளி, 2024-ல் பாரிசில் வெண்கலம். ஒரே சீசனில் வந்ததா இது?

கல்லூரி நிர்வாகம் செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. புதிதாக வருகிற பயிற்சியாளருக்கு மூன்று வருஷம் என்று முதலிலேயே எழுதிக் கொடுக்கட்டும். பையன்களுக்குப் பூட்சும், பயிற்சி முடிந்ததும் ஆளுக்கு இரண்டு முட்டையும் கொடுக்கட்டும். நாமக்கல்லில் முட்டைக்கா பஞ்சம்?

பெற்றோருக்கும் வேலை இருக்கிறது. "ஜெயித்தாயா?" என்று மட்டும் கேட்காமல், "இன்றைக்கு என்ன கற்றுக்கொண்டாய்?" என்றும் பையனைக் கேட்கலாம். பெண் பந்தாடப் போனால் தடுக்காமல் இருக்கலாம். 2019-ல் மதுரை சேது கோஷ்டிப் பெண்கள் லூதியானாவில் மணிப்பூர் போலீசை 3-1 என்று தோற்கடித்து, அகில இந்தியப் பெண்கள் லீக் கோப்பையைக் கொண்டுவந்தார்கள்.

கடைசிப் பந்தயம்

ரகீமின் கதை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. 1962-ல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு. ரகீமுக்குப் புற்றுநோய். முதல் பந்தயத்தில் தென்கொரியாவிடம் இந்தியா 2-0 என்று தோற்றது. அவர் அசரவில்லை. செப்டம்பர் 4-ந் தேதி இறுதிப் பந்தயம். எதிரே மறுபடியும் தென்கொரியா. கூட்டமோ இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல் போட்டது. தலையில் தையல் போட்டிருந்த ஜர்னைல் சிங்கைப் பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு அனுப்பினார் ரகீம். பி.கே. பானர்ஜி ஒரு கோல். ஜர்னைல் சிங் ஒரு கோல். கொரியாவுக்கு ஒன்றுதான். கோல் வாசலில் நின்றவர் தங்கராஜ்.

தங்கத்தோடு திரும்பிய ரகீம், 1963 ஜூன் 11-ந் தேதி இறந்தார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதன் பிறகு தங்கம் வாங்கவில்லை.