போயர்களின் பாட்டிமார்

போயர்கள் யார் என்று கேட்டால், 'தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு விவசாயிகள்' என்று எழுதிவிட்டு மாணவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். திருச்சியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அந்த ஒற்றை வரி எனக்கு என்றுமே ஒப்பியதில்லை.

1652-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி நன்னம்பிக்கை முனையில் இறங்கியது, ஆசியாவுக்குப் போகும் கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் தண்ணீரும் சேர்த்து வைக்கத்தான். 1657-ல் ஊழியர்கள் சிலரை விடுவித்து, நிலம் கொடுத்து உழச் சொன்னார்கள். ஜெர்மானியர்கள் வந்து சேர்ந்தார்கள். 1688-ல் மதக் கொடுமைக்குத் தப்பிய பிரெஞ்சு ஹியூகனாட்டுகள் வந்தார்கள். சேப்பாக்கத்தில் நாம் கைதட்டிய கிரிக்கெட் வீரர் ஃபாஃப் டு பிளெசியின் குடும்பப் பெயர் அவர்கள் வழி வந்ததுதான்.

இதையெல்லாம் யாரும் மறைக்கவில்லை. மறைத்தது பாட்டிமார் கதையை.

முனையில் ஐரோப்பியப் பெண்கள் குறைவு; அதனால் குடியேறிய ஆண்கள் சிலர் வேற்றினப் பெண்களை மணந்தார்கள். வங்காளத்து அன்சிலா, முனையின் முதல் தளபதி வான் ரீபெக்கின் வீட்டு அடிமை. 1666-ல் விடுதலையாகி, 1669-ல் ஆர்னால்டஸ் பாசன் என்ற ஐரோப்பியரை மணந்தாள். முனையின் பூர்வகுடிகளான கோய்கோய் இனத்து க்ரோட்டோவா அதே வீட்டில் வளர்ந்து மொழிபெயர்ப்பாளர் ஆனவள். 1664-ல் டென்மார்க்கிலிருந்து வந்த பீட்டர் வான் மீர்ஹோஃபை மணந்தாள். தங்களைச் சுத்த வெள்ளையர் என்று எண்ணிக்கொண்ட எத்தனையோ குடும்பங்கள் இவ்விருவரின் வழித்தோன்றல்கள். நம் சோழமண்டலக் கரையிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களும் முனையின் அடிமைகளில் இருந்தார்கள்.

பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள், 1834-ல் அடிமைமுறையை ஒழித்தார்கள். அதுவும் பிடிக்காமல் ஆயிரக்கணக்கான போயர்கள் மாட்டுவண்டி பூட்டி வடக்கே போனார்கள். டிரான்ஸ்வால், ஆரஞ்சு சுதந்திர அரசு என்று குடியரசுகள் அமைத்தார்கள். 1899-ல் மூண்ட போயர் போரில் பிரிட்டிஷ் முகாம்களில் பெண்களும் குழந்தைகளுமாகச் சுமார் 26,000 போயர்கள் மாண்டார்கள். பிடிபட்ட வீரர்களை இலங்கையின் தியத்தலாவைக்கும் எங்கள் திருச்சிக்கும்கூட அனுப்பிக் காவலில் வைத்தார்கள். தாங்கள் ஒரே இனம் என்ற உணர்வை இறுக்கியது அந்தச் சாவுகள்தான். அந்தத் துயரத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். தனி முகாம்களில் ஆயிரக்கணக்கில் மாண்ட கறுப்பின மக்களைப் பற்றி நெடுங்காலம் பேச்சே இல்லை என்பதையும் சொல்லாமல் விடமாட்டேன்.

1949-ல், போயர்கள் வழிவந்தோரின் தேசியக் கட்சி அரசு கலப்பு மணத்தைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அன்சிலா அன்று உயிரோடு இருந்திருந்தால் பாசனை மணந்திருக்க முடியாது. பேரப்பிள்ளைகள் தங்கள் சொந்தப் பாட்டியின் கல்யாணத்தையே குற்றமாக்கினார்கள்.

பாடநூல் எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பதிப்பில் போயர் போர் வரும் பக்கத்தில் க்ரோட்டோவாவுக்கும் அன்சிலாவுக்கும் இரண்டு வரி ஒதுக்குங்கள்.