கதைப் புத்தகம் குடும்பத்தைக் கெடுக்குமா?

பால் பொங்கி வழிந்துவிட்டது!

அடுப்பு முழுவதும் பால். வீடு முழுவதும் தீய்ந்த வாசனை. தோட்டத்தில் இருந்த மாமியார் ஓடி வருகிறார். அடுப்புக்குப் பக்கத்தில் மருமகள் நிற்கிறாள். அவள் கையில் ஒரு கதைப் புத்தகம்.

"நாவல் படிச்சா குடும்பம் இப்படித்தான் நடக்கும்!" என்கிறார் மாமியார்.

"கொஞ்சம் கவனிக்காம விட்டுட்டேன் அத்தை" என்கிறாள் மருமகள்.

மாலையில் கணவன் வருகிறான். புகார் அவனிடம் போகிறது. தன் சட்டைக்குப் பொத்தான் தைக்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு நினைவு வருகிறது. அதற்கும் காரணம் புத்தகம்தான்! பிள்ளை கணக்கில் மார்க் குறைவாக வாங்கியிருக்கிறான். அதற்கும் புத்தகம்தான் காரணம். இரவு படுப்பதற்கு முன் புத்தகம் பரண்மேல் ஏறிவிடுகிறது.

இந்த வீடு அடி அண்ணாமலையில் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். வேறு எந்த ஊரில் இருந்தாலும் கதை மாறப் போவதில்லை. ஆனாலும், அடி அண்ணாமலைக்கு ஒரு விசேஷம் உண்டு.

தூங்கும் தோழி

திருவண்ணாமலையைச் சுற்றி வரும் கிரிவலப் பாதை 14 கிலோ மீட்டர். மலைக்குப் பின்புறம், அந்தப் பாதையில் இருக்கும் ஊர் அடி அண்ணாமலை. அங்கே பழைய சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. பௌர்ணமி வந்தால் ஊரே கூட்டத்தில் மிதக்கும். கால் வலித்தவர்கள் திண்ணை கண்ட இடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்த ஊரில் மாணிக்கவாசகருக்கும் ஒரு சந்நிதி உண்டு. அவர் திருவெம்பாவை பாடிய இடம் இது என்று சொல்லுவது வழக்கம். மார்கழி மாதம் தமிழ்நாடு முழுவதும் பாடுகிறார்களே, அந்த 20 பாட்டுகள்தான்.

அவற்றில் வருவது என்ன? விடியற்காலம். பெண்கள் நீராடப் புறப்படுகிறார்கள். ஒருத்தி மட்டும் எழுந்திருக்கவில்லை. தோழிகள் அவள் வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிறார்கள். கேலி செய்கிறார்கள். உள்ளே இருப்பவளும் சும்மா இருக்கவில்லை. பதிலுக்குப் பதில் கொடுக்கிறாள்.

கடவுளைப் பாட வந்தவர், தூக்கம் கலையாத ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் இருந்து தொடங்குகிறார்! வீட்டில் நடக்கும் சின்னச் சின்னச் சங்கதிகள் எழுதுவதற்குத் தகுதி இல்லாதவை என்று அவர் நினைக்கவில்லை. நாவல் என்பதும் அந்தச் சங்கதிகளைச் சொல்லும் புத்தகம்தான்.

நீதிபதி எழுதிய கதை

தமிழில் முதல் நாவலை எழுதியவர் ஒரு நீதிபதி. மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை. நாவலின் பெயர் "பிரதாப முதலியார் சரித்திரம்". 1879-ஆம் ஆண்டு அது வெளிவந்தது. அதன் கதாநாயகி ஞானாம்பாள், ஆண் வேடம் போட்டு ஒரு நாட்டையே ஆளுகிறாள். கணவனைவிட அவளுக்குப் புத்தி அதிகம்! பெண்கள் படிக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே எழுதியவர் வேதநாயகம் பிள்ளை. குடும்பம் கெட வேண்டும் என்று ஒரு நீதிபதி ஆசைப்பட்டிருப்பாரா?

பிற்பாடு வந்தது, ராஜம் ஐயரின் "கமலாம்பாள் சரித்திரம்". 1893-ஆம் ஆண்டு முதல் "விவேக சிந்தாமணி" பத்திரிகையில் தொடர்கதையாக வந்தது. ஓரகத்தியின் பொறாமையும், ஊர்ப் பெண்களின் வம்புப் பேச்சும் ஒரு நல்ல குடும்பத்தை என்ன பாடு படுத்துகின்றன என்பதை அதில் பார்க்கலாம். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் குழாயடியில் அதே பேச்சு கேட்கிறது!

ஐந்தரை வயதில் கல்யாணம்

இன்னொருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அவர் வை. மு. கோதைநாயகி அம்மாள்.

அவர் பிறந்தது 1901-ஆம் ஆண்டு. கல்யாணம் நடந்தபோது அவருக்கு வயது ஐந்தரை! பள்ளிக்கூடம் போனது இல்லை. ஆனால், கதை சொல்லுவதில் கெட்டிக்காரி. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு கதை சொல்லுவார். கதை தானாக ஊறும். எழுதத்தான் சரியாக வராது.

அதற்காக அவர் சும்மா இருந்துவிடவில்லை. பட்டம்மாள் என்று ஒரு தோழி இருந்தார். கோதைநாயகி வாயால் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் எழுதினார். அப்படி உருவான "இந்திர மோகனா" என்ற நாடகம் 1924-ஆம் ஆண்டு புத்தகமாக வந்தது. பிறகு கோதைநாயகி எழுதவும் கற்றுக்கொண்டார். 1925-ஆம் ஆண்டு "ஜகன்மோகினி" பத்திரிகையை ஏற்று நடத்தத் தொடங்கினார். 1960-ஆம் ஆண்டு காலமாவதற்குள் அவர் எழுதிய நாவல்கள் 115. சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போய் வந்தார்.

இவ்வளவுக்கும் அவருடைய குடும்பம் ஒன்றும் கெட்டுப் போகவில்லை. அவருடைய கணவர் பார்த்தசாரதி, மனைவி கையில் இருந்த புத்தகத்தைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டவர் அல்ல. கூடவே நின்றவர். அந்த வீட்டுக்கும், நம் அடி அண்ணாமலை வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். புத்தகம் அந்த வீட்டிலும் இருந்தது. இந்த வீட்டிலும் இருக்கிறது.

பால் ஏன் பொங்கியது?

பால் பொங்கியது உண்மை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தது மருமகளின் தவறுதான். ஆனால், அவள் ஏன் அடுப்படியில் நின்றுகொண்டு படித்தாள்? இதை அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.

விடியும் முன் எழுந்திருக்கிறாள். வாசல் தெளித்துக் கோலம் போடுகிறாள். குழாயில் தண்ணீர் வரும் நேரம் பார்த்துக் குடங்களை நிரப்புகிறாள். மாட்டுக்குத் தீனி வைக்கிறாள். மாமியாருக்கு வெந்நீர். பிள்ளைகளுக்கு இட்லி. கணவனுக்குச் சாப்பாட்டுக் கேரியர். பிறகு துணி துவைக்க வேண்டும். அதற்குப் பிறகு ரேஷன் கடை. அங்கே வரிசை எவ்வளவு நீளமோ, யார் கண்டது? மத்தியானம் கொஞ்சம் உட்கார்ந்தால், "எப்போ பார்த்தாலும் உக்காந்தே இருக்கா" என்று பேர்!

ஆகவே, அவள் திருட்டுத்தனமாகப் படிக்கிறாள். ஒரு கண் அடுப்பில். ஒரு கண் புத்தகத்தில். கதை சூடு பிடிக்கும்போது இரண்டு கண்ணும் புத்தகத்துக்குப் போய்விடுகின்றன. தினமும் அரை மணி நேரம் அவள் உட்கார்ந்து படிக்க அந்த வீடு இடம் கொடுத்திருந்தால், பால் பொங்கியிருக்காது.

கணவன் இரவு சாப்பிட்டதும் செல்போனை எடுக்கிறான். இரண்டு மணி நேரம் அதிலேயே முகம். மாமியார் டெலிவிஷன் தொடரில் உட்கார்ந்துவிடுகிறார். அதை யாரும் குற்றமாகச் சொல்லுவது இல்லை. புத்தகத்துக்கு மட்டும் ஏன் கோபம்? படிக்கிறவள் கொஞ்ச நேரம் வீட்டிலே இருந்தும் இல்லாதவள் போல் ஆகிவிடுகிறாள். கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் "ஏன்?" என்கிறாள். அதுதான் பொறுக்கவில்லை!

எல்லா நாவலும் நல்லதா?

இல்லை. சில நாவல்களில் கதாநாயகிக்கு அழுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. முதல் பக்கத்தில் தொடங்கும் கண்ணீர், கடைசிப் பக்கம் வரை காய்வது இல்லை. கணவன் அடித்தாலும் பொறுத்துக்கொள்வதுதான் பெருமை என்று முடியும் கதைகளும் உண்டு. இப்படிப்பட்ட கதைகளையே படித்து, உலகம் இவ்வளவுதான் என்று ஒரு பெண் நம்பிவிடுவாளோ என்று பயப்பட்டால், அதில் நியாயம் இருக்கிறது. அதற்கு மருந்து பரண் அல்ல. வேறு ஒரு நாவல்!

ராஜம் கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். சிறு வயதிலேயே கல்யாணம் ஆனவர். காலேஜ் வாசலை மிதிக்காதவர். தூத்துக்குடி உப்பளத்தில் வெயிலில் நிற்கும் ஆண்களையும் பெண்களையும் நேரில் போய்ப் பார்த்து, "கரிப்பு மணிகள்" நாவலை எழுதினார். அதைப் படித்தவளுக்குச் சோற்றில் உப்புப் போடும்போது ஒரு நிமிஷம் கை நிற்கும்.

இன்னொன்றும் நடக்கிறது. நாவலில் ஒரு மாமியார் வருகிறார். ஏன் இப்படிக் கடுகடு என்று இருக்கிறார் என்று எழுத்தாளர் சொல்லுகிறார். அவர் பட்ட பாட்டை எல்லாம் சொல்லுகிறார். படிக்கும் மருமகள் நிமிர்ந்து, திண்ணையில் வெற்றிலை இடிக்கும் தன் மாமியாரைப் பார்க்கிறாள். இவரும் ஒரு காலத்தில் மருமகளாக இந்த வீட்டுக்குள் வந்தவர்தான் என்பது அப்போதுதான் அவளுக்குத் தோன்றுகிறது.

எழுத்து மறந்து போகும்

1990-களில் "அறிவொளி இயக்கம்" தமிழ்நாடு முழுவதும் நடந்தது. வயல் வேலை முடிந்து வந்த பெண்கள், இரவில் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து எழுத்துக் கற்றார்கள். புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

சைக்கிள் கற்றால் மறக்காது. எழுத்து அப்படி அல்ல. படிக்காமல் விட்டால், கற்ற எழுத்து கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து போகும். பஸ்ஸின் பெயர்ப் பலகை, ரேஷன் கார்டு, பாங்குப் பாரம் இவ்வளவுதான் படிப்பதற்கு இருக்கிறது என்றால், எழுத்து எத்தனை நாள் நிற்கும்? நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளுக்கு ஒவ்வொரு வரியும் மலை ஏறுவது மாதிரி. அவளை அடுத்த வரிக்கு இழுத்துப் போவது எது? பிறகு என்ன நடந்தது என்ற ஆசை! அந்த ஆசையைக் கதைதான் கொடுக்கும். பாங்குப் பாரம் கொடுக்காது.

மல்லாட்டையும் கதையும்

முன்பெல்லாம் ஒருவர் படித்தால் வீடே கேட்கும். திருவண்ணாமலைப் பக்கம் மல்லாட்டைச் சாகுபடி அதிகம். விதைக்கு வேண்டிய மல்லாட்டையைக் கையால்தான் உடைப்பார்கள். கை வேலை செய்யும். காது சும்மா இருக்கும். எழுத்துத் தெரிந்த ஒருத்தி உரக்கப் படித்தால், உடைக்கிறவர்களுக்கு அலுப்புத் தெரியாது.

கல்கியின் "பொன்னியின் செல்வன்" 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்தது. பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, வீட்டிலேயே பைண்டு செய்து வைத்தார்கள். பெட்டியில் பட்டுப் புடவைக்குப் பக்கத்தில் அதற்கும் இடம் கிடைத்தது! 1969-ஆம் ஆண்டு "ராணி முத்து" மாத நாவல் ஒரு ரூபாய் விலையில் வந்தது. முதலில் வெளியிட்டது அகிலனின் "பொன்மலர்". கடையில் பருப்பு வாங்கும் பெண்ணும் மாதம் ஒரு நாவல் வாங்கலாம் என்று ஆயிற்று.

கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியது இல்லை. மாமியார் கீரை ஆயலாம். கணவன் வெங்காயம் உரிக்கலாம். கதை சோகமாக இருந்தால், வெங்காயத்தின்மேல் பழி போட்டுவிடலாம்!

வரி கட்டுகிறோமே

நூலகத்துக்கு என்று ஒவ்வொரு வீடும் வரி கட்டுகிறது. இது பலருக்குத் தெரியாது. 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் இதற்கு வழி செய்தது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தால், நூலக வரி என்று ஒன்று இருக்கும். வரியில் ரூபாய்க்கு 10 காசு. 2006-ஆம் ஆண்டு தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில், கிராம ஊராட்சிகளுக்கு என்றே நூலகங்கள் கட்டினார்கள். பல ஊர்களில் அவை பூட்டிக் கிடந்தன என்ற குறை பிறகு எழுந்தது.

நூலகம் திறந்திருந்தால் மட்டும் போதாது. அது திறந்திருக்கும் நேரத்தில் பெண்ணுக்கு ஓய்வு இருக்க வேண்டும். பெரும்பாலும் இருப்பது இல்லை. ஆனால், அந்த வழியாக மற்றவர்கள் தினமும் போய் வருகிறார்கள். கணவன் போகிறான். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருகிறான். கத்தரிக்காய் வாங்கி வருகிறவனுக்கு ஒரு புத்தகம் எடுத்து வரத் தெரியாதா?

அடி அண்ணாமலை வீட்டுப் புத்தகமும் மருமகளின் சொந்தப் புத்தகம் அல்ல. பக்கத்துத் தெருவில் இரவல் வாங்கியது. திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பரண் அவளுக்கு எட்டாது. கணவனுக்குத்தான் எட்டும். இன்றே அவன் அதை எடுத்துக் கொடுக்கட்டும். இன்னும் முப்பது பக்கம் பாக்கி இருக்கிறது.