ஆலயப் பராமரிப்பு: மணி அலறிய பின்

மார்கழித் திருவெம்பாவைக் காலம். அதிகாலை ஐந்து மணி. இலண்டன் குளிரில் பூக்கூடையோடு வந்த தொண்டர் ஒருவர் முன்வாசலுக்குப் போகாமல் மடைப்பள்ளிப் பக்கத்துக் கதவைத் திறக்கிறார். மறுகணம் களவு எச்சரிக்கை மணி அலறுகிறது. அயல் வீடுகளின் யன்னல்களில் விளக்குகள் எரிகின்றன. சத்தம் கேட்ட குருக்கள் மேல்மாடியிலிருந்து பதறி இறங்கி வர, மண்டபத்திலுள்ள கருவியின் கண்ணில் அவரும் பட்டுவிடுகிறார். வேறுவேறு கருவிகளிலிருந்து இரண்டு அடையாளங்கள். பொலிசாரை அழைக்க அதுவே போதும்.

இப்படி ஒரு காலை எந்த ஆலயத்துக்கும் வரலாம். அதன் விலையைப் பலர் அறிவதில்லை. இங்கிலாந்தில் 2001ஆம் ஆண்டு முதல் புதிதாகப் பொருத்தப்படும் அமைப்புகளில் ஒரு கருவி மட்டும் குரல் கொடுத்தால் பொலிசார் வருவதில்லை. குறித்த நேரத்துக்குள் இன்னொன்றும் அதை உறுதிசெய்ய வேண்டும். அவ்வாறு உறுதியான அழைப்பும் பொய்யாக முடிந்து, பன்னிரண்டு மாதத்துள் மூன்று தடவை நேர்ந்தால், அந்தக் கட்டடத்துக்குப் பொலிசார் வருவதை நிறுத்திவிடுவர். ஜனவரி பிறந்தால் கணக்கு அழிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். கடந்த பன்னிரண்டு மாதத்தையும் சேர்த்தே எண்ணுவர். காப்புறுதி ஒப்பந்தத்தில் பொலிஸ் வருகை ஒரு நிபந்தனையாக இருக்குமாயின், சுவாமியின் நகைகளுக்குள்ள காப்புறுதியும் அத்தோடு கேள்விக்குறியாகும்.

ஆகவே கருவியை வாங்கிப் பொருத்துவதோடு வேலை முடியவில்லை. எந்தக் கதவு திறந்தால் அது என்ன செய்ய வேண்டும் என்று முதலில் முடிவுசெய்தல் வேண்டும். உள்ளே வருவதற்கு ஒரே கதவு என்பதே முதல் விதி. அந்தக் கதவு திறந்ததும் மணி அடியாது, அவகாசம் ஓடத் தொடங்கும். நியமப்படி அது 45 விநாடிக்கு மேற்படலாகாது. இரு கையிலும் பையோடு வரும் வயோதிபத் தொண்டருக்கு 45 விநாடி ஒன்றும் நீண்ட நேரமல்ல. எனவே இலக்கப் பலகை வாசலுக்கு அருகிலேயே இருக்கட்டும். வாசலுக்கும் பலகைக்கும் இடையிலுள்ள கருவி அவகாசம் ஓடும்போது பொறுத்திருக்கும். கதவு திறவாமலே அங்கு எவராவது நடமாடினால் உடனே அலறும். மடைப்பள்ளிக் கதவு, உண்டியல் அறை, மூலஸ்தானம் ஆகியவற்றுக்கு அவகாசமே கூடாது. மடைப்பள்ளிக் கதவின் திறப்பைத் தொண்டர்களிடம் கொடாமல் விடுவதே நலம்.

குருக்கள் ஆலயத்திலேயே தங்குபவராயின், கீழ்த்தளம் மட்டும் காவலில் இருக்கும்படி இரவுக்குத் தனி ஒழுங்கு வேண்டும். அவர் இறங்கி வருமுன் அதனை நிறுத்துவதற்கு மேல்மாடியிலும் ஓர் இலக்கப் பலகை தேவை. இதைச் செய்யாத இடங்களில் குருக்களே ஆலயத்தின் முதல் திருடராகிவிடுகிறார்! ஆபத்து வேளையில் அழுத்தும் பொத்தான் வேறு விஷயம். காவல் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் இருபத்துநான்கு மணிநேரமும் அது விழித்திருக்க வேண்டும்.

மண்டபத்துக் கருவிகள் உருவத்தைப் பார்ப்பதில்லை; வெப்பம் நகர்வதையே உணர்கின்றன. சூடான காற்றை வீசும் மின்விசிறி, அந்தக் காற்றில் அசையும் துணித் தோரணம், கருவியின் முகத்தில் வலை பின்னும் சிலந்தி ஆகிய யாவும் அதற்கு ஒன்றுதான். மண்டபத்தில் நடந்த பிறந்தநாள் விருந்தில் கைவிட்ட பலூன் ஒன்று நள்ளிரவில் மெல்ல இறங்கி வந்தாலும் போதும். வெப்பத்தோடு நுண்ணலையையும் கொண்டு பார்க்கும் இரட்டைக் கருவி மண்டபத்துக்கு உகந்தது. அது இரண்டு விதமாய்ப் பார்த்தாலும் உறுதிப்படுத்தும் கணக்கில் ஒன்றாகவே கொள்ளப்படும் என்பதைப் பொருத்துபவர் சிலவேளை சொல்ல மறப்பதுண்டு.

வெளியே உள்ள மணி 20 நிமிடத்தில் தானே அடங்கும்படி அமைத்தல் வேண்டும். அதற்கு மேலும் தொடர்ந்து அலறி அயலவரைத் தொந்தரவு செய்தால், உள்ளூராட்சி அதிகாரி வந்து நிறுத்துவதற்கு 2005ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. அயலவர் பொறுமை தேர்த்திருவிழா நாளில் எவ்வளவு தேவை என்பதை அன்பர்கள் அறிவர்.

காவல் நிலையத்தை விடக் கூடுதலாக ஓடவேண்டியவர்கள் திறப்பு வைத்திருப்போர். குறைந்தது இருவர் வேண்டும்; 20 நிமிடத்துள் வந்து சேரக்கூடியவராகவும், வாகனமும் தொலைபேசியும் உடையவராகவும், கருவியை நிறுத்தத் தெரிந்தவராகவும் இருத்தல் வேண்டும். நிர்வாக சபை மாறும்போது இந்தப் பட்டியலும் மாறுகிறதா? கனடாவுக்குக் குடிபெயர்ந்துவிட்ட முன்னாள் பொருளாளரின் தொலைபேசி இரவு மூன்று மணிக்கு ஒலித்து என்ன பயன்?

பழைய செப்புக் கம்பித் தொலைபேசி இணைப்பை 2027 ஜனவரி இறுதியோடு நிறுத்துவதெனத் திட்டமிடப்பட்டது. எச்சரிக்கை அந்தக் கம்பி வழியே போகும் ஆலயங்கள் வேறு வழி செய்துகொள்ள வேண்டும்.

ஒழுங்குகளை மாற்றியபின், பூசை இல்லாத ஒரு பிற்பகலில் ஒவ்வொரு கதவையும் திறந்து, ஒவ்வொரு கருவியின் முன்னும் நடந்து பார்க்கலாம். தொடங்குமுன் கண்காணிப்பு நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். முடிந்ததும் மறவாமல் மீண்டும் சொல்ல வேண்டும். இல்லாவிடின் அன்றிரவு உண்மையாகவே ஒருவன் வந்தாலும், அவர்கள் அதைச் சோதனை என்றே எண்ணியிருப்பர்.