கணனியும் தமிழும்: கொம்பு பிரியாமற் காப்போம்

பத்திரிகையைக் கையில் எடுத்ததும் நம்மவர்களிற் பலர் முதலிற் புரட்டுவது மரண அறிவித்தல்களும் நினைவஞ்சலிகளும் இடம்பெறும் பக்கங்களையே. அயல்வீட்டுச் செய்தியை வேலிக்கு மேலாக அறிந்துகொண்ட காலம் போய், ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் சிதறி வாழும் உறவுகளுக்கு அச்செய்தியை அச்செழுத்தே கொண்டுசேர்க்கும் காலம் வந்துவிட்டது. 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியையின்போது கல்வெட்டு எனப்படும் நினைவு மலரை அச்சிட்டு வழங்கும் யாழ்ப்பாணத்து வழக்கமும் நம்முடன் கடல் கடந்து வந்திருக்கின்றது.

அக்கல்வெட்டை இன்று பல இல்லங்களிற் பிள்ளைகளே கணனியில் வடிவமைக்கின்றனர். பெரியவர்கள் எழுதிக் கொடுக்கின்றனர். பிள்ளைகள் படத்தையும் பூமாலையையும் விளக்கையும் வைத்து ஒழுங்கு செய்கின்றனர். பெரியவர்கள் பிழை திருத்துகின்றனர். இவ்வளவும் ஒழுங்காகவே நடக்கும். அதன்பின்னர், அச்சகத்துக்கு அனுப்புவதற்கு முதல்நாள் இரவு, "படத்தைச் சற்று மேலே ஏற்றினால் நன்று" என்று ஒருவர் கூறுவார். படம் ஏறும், பெயரும் அதனுடன் நகரும். ஆனால் பெயரில் உள்ள ஒரு கொம்பு மட்டும் நகராது. எவரும் அதைக் கவனியார். மறுநாள் முந்நூறு பிரதிகள் அச்சாகிவிடும்.

இது சிறு பிழை என்று எண்ணுவோர் பின்வரும் எடுத்துக்காட்டுகளைச் சிந்திப்பாராக. 'சோதி' என்ற பெயரில் உள்ள இரட்டைக்கொம்பு விலகினால் எஞ்சுவது 'சாதி'. 'தேவி' என்ற பெயரில் அது விலகினால் எஞ்சுவது 'தவி'. தாயின் பெயரைத் 'தவி' என்று அச்சிட்டுக் கையிற் பெறும் மகளின் மனநிலையை விளக்கவேண்டியதில்லை. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து விழுந்தால் அது எழுத்துப்பிழை என்பது பார்த்த மாத்திரத்திலே தெரியும். தமிழில் ஓர் உறுப்பு விழுந்தால் இன்னொரு சொல் பிறந்துவிடுகின்றது. ஆகவே, வரைகலை மென்பொருள்களிற் பல பொருள்களைத் தெரிவுசெய்வதும் அவற்றை ஒரு குழுவாகக் கட்டுவதும் தமிழர்களுக்கு வெறும் வசதி சார்ந்த விடயங்கள் அல்ல. இவ்வாரம் அதனையே நோக்குவோம்.

பழைய அச்சகங்களிலும் இந்த இடர் இருந்தது. ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கோத்த அச்சுக்கோப்பாளருக்குச் 'சோ' என்பது மூன்று துண்டுகள்: இரட்டைக்கொம்பு ஒன்று, சகரம் ஒன்று, அரவு ஒன்று. கோத்து முடித்த பகுதியை மேசையிலிருந்து அச்சுச் சட்டத்துக்கு நகர்த்துமுன் அதனைச் சுற்றி நூலால் இறுகக் கட்டுவது அவர்களது மாறாத வழக்கம். கட்டாமல் நகர்த்தினால் எழுத்துக்கள் சரிந்து சிதறும். வேலை முடிந்தபின் நூலை அவிழ்த்தால் எழுத்துக்கள் யாவும் முன்போலத் தனித்தனியே கிடைக்கும். மீண்டும் பெட்டியில் இட்டு வேறு சொற்களுக்குப் பயன்படுத்தலாம். கணனியிற் 'குறூப்' என்று வழங்கப்படும் கட்டளை இந்த நூற்கட்டே என்று விளங்கிக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

இனி மென்பொருளுக்கு வருவோம். ஒளிப்படம் சிறு புள்ளிகளின் தொகுதியாகப் பதிவாகின்றது. வெக்டர் எனப்படும் வரைகலையிலோ ஒவ்வொரு கோடும் வளைவும் தனித்தனிப் பொருளாக நினைவில் வைக்கப்படுகின்றது. வெட்டிய கடதாசி உருவங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பதற்கு இதனை ஒப்பிடலாம்: எந்த உருவத்தையும் எப்போதும் எடுத்து நகர்த்தலாம். இவ்வகை மென்பொருள்களில் அடோபி நிறுவனத்தின் இலஸ்ட்ரேட்டர் 1987இல் வெளிவந்தது. தமிழ்நாட்டின் திருமண அழைப்பிதழ்க் கடைகள் வரை பரவிய கோரல் ட்ரோ, நாம் வாழும் இதே ஒன்ராறியோ மாகாணத்தின் ஒட்டாவா நகரில் உருவாகி 1989இல் வெளிவந்தது என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி. 2003இல் தோன்றிய இங்க்ஸ்கேப் என்ற மென்பொருளை எவரும் இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம்.

தட்டச்சுச் செய்த நிலையில் உள்ள எழுத்து பாதுகாப்பானது. யூனிகோட் முறையிற் 'சோ' என்பது சகரமும் ஓகார உயிர்க்குறியும் ஆகப் பதிவாகின்றது. கொம்பை முன்னாலும் அரவைப் பின்னாலும் வரைவது மென்பொருளின் வேலை. வரியை நகர்த்தினால் எழுத்து முழுவதும் நகரும். ஆயினும் அச்சகத்திலுள்ள கணனியில் நமது எழுத்துரு இல்லாமற் போகலாம் என்ற காரணத்தால், இறுதியில் எழுத்துக்களை வளைகோட்டு உருவங்களாக மாற்றி அனுப்பும் வழக்கம் உண்டு. அவ்வாறு மாற்றிய கணத்திலிருந்து அவை எழுத்துக்கள் அல்ல, வெறும் உருவங்கள். 'சோ' மீண்டும் மூன்று துண்டுகள் ஆகிவிடுகின்றது. இலஸ்ட்ரேட்டர் அத்துண்டுகளை ஒரு குழுவாகக் கட்டியே தருகின்றது. அக்கட்டை யாராவது அவிழ்த்துவிட்டால் அன்றிலிருந்து ஒவ்வொரு கொம்பும் அநாதையே. ஆகவே, மாற்றுவதற்குமுன் தட்டச்சு நிலையிலேயே ஒரு பிரதியை வேறு பெயரிற் சேமித்துக்கொள்ளல் வேண்டும்.

அடுத்ததாக அடுக்குகள். நமது ஊர் நாடக மேடையை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். பின்னால் அரண்மனை தீட்டிய திரை. அதற்கு முன்னால் மரம் செடிகள். அதற்கும் முன்னால் அரசன். மென்பொருளில் 'லேயர்' எனப்படுவதும் இவ்வாறானதே. கல்வெட்டின் ஒரு பக்கத்துக்குக் கீழிருந்து மேலாகப் பின்னணி, படம், மாலையும் விளக்கும், எழுத்து என நான்கு அடுக்குகள் போதும். ஒவ்வொன்றுக்கும் தமிழிலேயே பெயரிடுங்கள். கைவைக்க வேண்டாதவற்றின் அருகில் உள்ள பூட்டை அழுத்திவிடுங்கள். பூட்டிய அடுக்கு எவரது கைத்தவறுக்கும் அசையாது.

தெரிவுசெய்யும் முறைகள் மூன்று. முதலாவது, ஒரு பொருளைச் சுட்டியால் அழுத்திவிட்டு, ஷிப்ட் விசையைப் பிடித்தபடி மற்றவற்றை ஒவ்வொன்றாக அழுத்துவது. இரண்டாவது, வெற்றிடத்திலிருந்து சுட்டியை இழுத்து ஒரு பெட்டி வரைவது. இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். இலஸ்ட்ரேட்டரிற் பெட்டியின் ஓரம் ஒரு பொருளைத் தொட்டாலே அது தெரிவாகிவிடும். கோரல் ட்ரோவிலும் இங்க்ஸ்கேப்பிலும் பொருள் முழுவதும் பெட்டிக்குள் அடங்கினால் மட்டுமே தெரிவாகும். வரியின் தொடக்கத்திலுள்ள கொம்பு பெட்டிக்கு வெளியே ஒரு மயிரிழை நீட்டிக்கொண்டிருந்தாலும் அது தெரிவாகாது. கொம்புகள் பின்தங்குவதற்கு இதுவும் ஒரு முக்கிய காரணம்.

மூன்றாவது, எல்லாவற்றையும் ஒருங்கே தெரிவுசெய்யும் கொன்ட்ரோலும் ஏயும் சேர்ந்த விசை. இலஸ்ட்ரேட்டரிற் பூட்டப்படாத அனைத்தையும் அது தெரிவுசெய்யும். இங்க்ஸ்கேப்பிலோ அது தற்போது வேலை நடக்கும் அடுக்கை மட்டுமே தெரிவுசெய்யும். எல்லா அடுக்குகளும் வேண்டுமாயின் கொன்ட்ரோல், அல்ட், ஏ ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தவேண்டும். இலஸ்ட்ரேட்டரைக் கற்போரைத் தடுமாறச் செய்யும் இன்னொரு விடயமும் உண்டு. அடுக்குகளின் பட்டியலில் அடுக்கின் பெயரை அழுத்துவதால் அதிலுள்ள பொருள்கள் தெரிவாவதில்லை. பெயருக்கு வலப்புறத்தில் ஒரு சிறு வட்டம் உண்டு. அதனை அழுத்தினாற்றான் உள்ளடக்கம் தெரிவாகும். ஷிப்ட் விசையுடன் அழுத்தினாற் பல அடுக்குகளின் உள்ளடக்கமும் சேர்ந்து தெரிவாகும்.

தெரிவு சரியா என்பதை எவ்வாறு அறிவது? எண்ணிப் பார்ப்பதே வழி. கோரல் ட்ரோவிலும் இங்க்ஸ்கேப்பிலும் திரையின் அடியில் எத்தனை பொருள்கள் தெரிவாகியுள்ளன என்பது எழுத்தில் தோன்றும். சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர் பேருந்து புறப்படுமுன் தலைகளை எண்ணுவாரே, அதுபோல எண்ணிவிட்டுப் புறப்படுங்கள்.

எண்ணியபின் கட்டவேண்டும். மூன்று மென்பொருள்களிலும் கொன்ட்ரோலும் ஜியும் சேர்ந்தால் குழு. குழுக்களைச் சேர்த்து இன்னொரு குழுவும் ஆக்கலாம். இந்த உத்தி தமிழருக்குப் புதிதன்று. எட்டுத்தொகை என்பது ஒரு பெருங்குழு. அதனுள் அகநானூறு ஒரு குழு. அதன் 400 பாடல்களும் களிற்றியானை நிரை 120, மணிமிடை பவளம் 180, நித்திலக்கோவை 100 என மீண்டும் மூன்று குழுக்கள். தொகுத்த காரணத்தால் எந்தப் பாடலும் தன் தனித்தன்மையை இழந்துவிடவில்லை.

அகநானூற்றைத் தொகுத்தவர்கள் இன்னொரு வசதியையும் செய்து வைத்தனர். ஒற்றையெண் பெற்றவை யாவும் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிபவை குறிஞ்சி. நான்கில் முடிபவை முல்லை. ஆறில் முடிபவை மருதம். பத்து, இருபது என வருபவை நெய்தல். பாலைப் பாடல்கள் மட்டும் வேண்டுமாயின் மூன்று பகுதிகளிலும் ஒற்றையெண்களை எடுத்தாற் போதும். 200 பாடல்களும் வந்துவிடும். இலஸ்ட்ரேட்டரிலும் இங்க்ஸ்கேப்பிலும் ஒரே நிறத்தைக் கொண்ட பொருள்களை மட்டும் ஒருங்கே தெரிவுசெய்யும் கட்டளை உண்டு. தலைப்புகளுக்கெல்லாம் ஒரு நிறம், பெயர்களுக்கெல்லாம் ஒரு நிறம் என முதலிலேயே திட்டமிட்டு வைத்தால், அடுக்கு எதுவாயினும் பெயர்களை ஒரே அழுத்தத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

குழுவுக்குள் ஓர் எழுத்தை மட்டும் திருத்த வேண்டுமாயின் கட்டை அவிழ்க்க வேண்டியதில்லை. இலஸ்ட்ரேட்டரிலும் இங்க்ஸ்கேப்பிலும் குழுவின்மேல் இருமுறை அழுத்தினால் உள்ளே நுழைந்துவிடலாம். கோரல் ட்ரோவிற் கொன்ட்ரோல் விசையைப் பிடித்தபடி அழுத்தவேண்டும். அவிழ்த்தவர் மீண்டும் கட்ட மறப்பதே பெரும்பாலான சிதறல்களுக்குக் காரணம்.

வெவ்வேறு அடுக்குகளிலுள்ள பொருள்களைக் குழுவாக்கும்போது மட்டும் விழிப்பாக இருத்தல் வேண்டும். அவ்வாறு செய்தால், இலஸ்ட்ரேட்டரில் அவை யாவும் மேலேயுள்ள பொருளின் அடுக்குக்குச் சென்றுவிடும். மேடையின் பின்திரையில் இருந்த மரத்தையும் முன்னால் நின்ற அரசனையும் ஒரே கயிற்றாற் கட்டியிழுத்தால், மரம் முன்மேடைக்கு வந்து விளக்கேந்தி நிற்பவளை மறைத்துவிடுமல்லவா? அதுபோலப் படத்தையும் பெயரையும் குழுவாக்கினால், படம் எழுத்தின் அடுக்குக்கு ஏறி, இடையிலிருந்த மாலையை மறைத்துவிடும். சேர்த்து நகர்த்துவது மட்டுமே நோக்கமாயின் குழுவாக்காமல், எல்லாவற்றையும் தெரிவுசெய்து நகர்த்தினாற் போதும். அடுக்குகளையே ஒன்றாக வைத்திருக்க விரும்பினால், இலஸ்ட்ரேட்டரின் பட்டியலில் அவற்றின் பெயர்களைக் கொன்ட்ரோல் விசையுடன் அழுத்தி, பட்டியலின் மூலையிலுள்ள பொத்தானில் 'கலெக்ட் இன் நியூ லேயர்' என்பதைத் தெரிவுசெய்யலாம். அப்போது அடுக்குகள் தத்தம் வரிசை மாறாமல் ஒரு புதிய அடுக்கின் உள்ளே அமரும்.

அதே பட்டியலில் 'மேர்ஜ்', 'பிளாட்டன்' என்ற கட்டளைகளும் உண்டு. கோரல் ட்ரோவிற் 'கொம்பைன்', 'வெல்ட்' என்பனவும் உள்ளன. இவை கட்டுவன அல்ல, கரைப்பன. முதலிரண்டும் அடுக்குகளின் எல்லைகளை அழித்துவிடுகின்றன. மற்ற இரண்டும் பொருள்களையே ஒன்றாக்கிவிடுகின்றன. ஈய எழுத்துக்களை நூலாற் கட்டுவதற்கும் உலையில் உருக்கி வார்ப்பதற்கும் உள்ள வேறுபாடே குழுவாக்குவதற்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடு. கோப்பைச் சேமித்து மூடியபின் உருக்கியதைப் பிரித்தெடுக்க வழியில்லை. பிரிப்பதற்குக் கோரல் ட்ரோவில் உள்ள 'பிறேக் அப்பார்ட்' என்ற கட்டளையும் உதவாது. எழுத்தின் சுழிகளுக்குள் இருந்த வெற்றிடம் தனிப் பொருளாகி, சுழி அடைபட்டுக் கருமையாகிவிடும். ஓராண்டு கழித்து ஆண்டுத்திவசத்துக்கு அதே கோப்பை எடுத்துத் திகதியை மாற்ற விரும்பும் குடும்பத்தினர் அப்போதுதான் இதன் விளைவை உணர்வர்.

வீட்டில் மென்பொருள் இல்லாதோர் கவலைகொள்ள வேண்டியதில்லை. இங்க்ஸ்கேப்புக்குக் கட்டணம் இல்லை. ரொறன்ரோ பொது நூலகத்தின் சில கிளைகளில் அமைந்துள்ள டிஜிட்டல் புத்தாக்க மையங்களிலும் வரைகலை வேலைக்கான கணனிகள் உண்டு. நூலகத்தில் விசாரித்துப் பயன்பெறுங்கள்.

நிறைவாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கணனி வேலை பிள்ளைகளுடையது என்று ஒதுங்கிவிடாதீர்கள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குக் கொம்பு விலகியது கண்ணிற் படாமல் இருக்கலாம். சோதிக்கும் சாதிக்கும் உள்ள தூரம் நீங்கள் அறிவீர்கள். கடைசி நகர்த்தலும் முடிந்தபின், அச்சகத்துக்குப் போகும் அதே கோப்பைத் திறக்கச் சொல்லி, முதலிற் பெயரையும் பின்னர் பிறந்த ஊரையும் வாய்விட்டு எழுத்தெழுத்தாக வாசியுங்கள். அந்த இரண்டு நிமிடங்களுக்கு ஈடான கட்டளை எந்த மென்பொருளிலும் இல்லை.