கரைக்குச் சுவர் போதாது

ஒவ்வொரு வெள்ளம் வடிந்த பிறகும் கொள்ளிடக் கரையிலும் தென்பெண்ணைக் கரையிலும் எழும் கோரிக்கை ஒன்றுதான்: கரைக்குக் கான்கிரீட் தடுப்புச் சுவர் கட்டுங்கள், இல்லையென்றால் கருங்கல்லாவது பதித்துக் கொடுங்கள். நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் அப்படிக் கேட்பதில் தவறே இல்லை. வேறு வழி ஒன்று இருப்பதாக அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. என் வழக்கெல்லாம், அந்த வழி தெரிந்திருந்தும் சில வாடிக்கையான வாதங்களைச் சொல்லி அதைத் தள்ளிவிடுகிறவர்களோடுதான்.

கரையிலிருந்து ஆற்றுக்குள் நீளும்படி, தாழ்வான கருங்கல் திட்டுகளை வரிசையாகப் போட்டு, ஓட்டத்தையே கரையைவிட்டு விலக்குவதுதான் அந்த வழி. பொறியாளர்கள் அமைப்புக்கு ஏற்ப ஸ்பர், குரோய்ன், வேன், பெண்ட்வே வியர் என்று பல பெயர் சொல்வார்கள். இங்கே பொதுவாகக் கல்திட்டு என்று வைத்துக்கொள்வோம். கடற்கரையில் தூண்டில் வளைவைப் பார்த்தவர்களுக்கு உருவம் சட்டென்று பிடிபடும். ஆனால் நான் முக்கியமாகச் சொல்லவருவது அவ்வளவு உயரமானதில்லை, வெள்ளம் வந்தால் முழுக்க மூழ்கிவிடும்.

‘அரிபடுவது கரை, எனவே கல்லைக் கரையில் பதிப்பதுதானே முறை?’ என்பது முதல் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கரை எங்கே, எப்போது விழுகிறது என்று பார்க்க வேண்டும். ஆறு வளையும் இடத்தில் வெளிவளைவுக் கரைதான் விழும். அதுவும் பல நேரம் வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது விழுவதில்லை, வடியத் தொடங்கிய பிறகு விழுகிறது. ஆறு நிறைந்து ஓடும்போது நீரின் அழுத்தமே கரையைத் தாங்கிப் பிடித்திருக்கும். மட்டம் மளமளவென்று இறங்கியதும் அந்தத் தாங்கல் போய்விடுகிறது. கரைமண்ணுக்குள் ஊறிய நீரோ வெளியேற நேரமில்லாமல் உள்ளே கனத்து நிற்கிறது. முதலில் கரைமேட்டில், விளிம்பிலிருந்து சில அடி தள்ளி, ஆற்றுக்கு இணையாக ஒரு வெடிப்பு ஓடும். காலையில் விரல் நுழையும் வெடிப்பில் மாலைக்குள் கையே நுழையும். பிறகு அந்தத் துண்டு அப்படியே, மேலிருக்கும் வாழையோடும் வேலியோடும், சரிந்து உட்காரும். விழுந்த மண்ணை ஓட்டம் சில நாளில் கரைத்துக் கொண்டுபோய்விட, கரையடி மறுபடியும் வெறுமையாகி அடுத்த சரிவுக்குத் தயாராகிவிடும்.

அந்தக் கரையடியில் பள்ளம் பறித்தது எது என்பதுதான் கேள்வி. ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் 1926இல் ஆறுகள் ஏன் வளைந்து நெளிகின்றன என்று ஒரு சிறு கட்டுரை எழுதினார். அதில் அவர் எடுத்துக்காட்டியது தேநீர்க் கோப்பையை. கரண்டியால் கலக்கிவிட்டால், ஓரத்துக்கு ஒதுங்க வேண்டிய தேயிலைத் துகள்கள் அடியில் நடுவே வந்து குவிகின்றன. வளைவில் ஆறும் இதையே செய்கிறது. மேற்பரப்பு நீர் வேகமானது என்பதால் வெளிக்கரையை நோக்கி வீசப்படுகிறது. அங்கே மோதிக் கீழே பாய்ந்து, கரையடியைத் தோண்டி, தோண்டிய மணலை அடித்தரை வழியாக உள்வளைவை நோக்கித் தள்ளிக்கொண்டு போகிறது. வெளியே பள்ளமும் உள்ளே மணல்திட்டும் சேர்ந்தே வளர்வது இதனால்தான். ஆக, கண்ணுக்குத் தெரியும் சரிவு மேலே நடந்தாலும் அதற்கான வேலை நீருக்கடியில், கரையின் காலடியில் முடிந்திருக்கிறது.

அந்த இடத்தில் ஒரு சுவரை எழுப்பினால் என்ன ஆகும்? மண்கரையில் வேரும் புதரும் மேடுபள்ளமும் ஓட்டத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். வழவழப்பான சுவர் அந்தத் தடையையும் எடுத்துவிடும். வேகமான ஓட்டம் சுவரை ஒட்டியே ஓடும். பக்கவாட்டில் எடுக்க மண் கிடைக்காததால் அடியில் எடுக்கும். சுவரின் அடித்தளம் வெளியே தெரியத் தொடங்கும் நாளிலிருந்து அதன் ஆயுள் எண்ணப்படுகிறது. பதித்த கல்லுக்கும் இதே கதிதான். அடிவரிசை நழுவினால் மேல்வரிசைகள் ஒவ்வொன்றாகப் பின்தொடரும். சுவர் எங்குமே கூடாது என்று சொல்லவில்லை. வீடுகள் கரை விளிம்பிலேயே இருக்கும் இடத்தில், பாலத்தின் தோளில், வேறு வழி கிடையாது. ஆனால் அங்கும் அடியைக் காக்காமல் மேலே மட்டும் கட்டினால் அது சில வருடப் பாதுகாப்புதான்.

அடுத்த வாதம் சற்றுக் கனமானது. ‘ஆற்றுக்குள் கல்லைப் போட்டால் நம் கரை தப்பும், எதிர்க்கரை போகும். ஒரு ஊரைக் காக்க இன்னொரு ஊரை அழிக்கலாமா?’ நீண்டு உயர்ந்த ஸ்பரை, அளவு பார்க்காமல், வளைவில் ஒன்றே ஒன்றாக நட்டுவைத்தால் இது உண்மையிலேயே நடக்கும். அப்படி நடந்த இடங்கள் உண்டு. அதனால்தான் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வழிகாட்டி, ஐஎஸ் 8408, ஒற்றை ஓட்டமாக ஓடும் ஆற்றில் திட்டின் நீளம் ஓட்ட அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்கிறது. இரண்டு திட்டுகளுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளி, பொதுவாக ஒரு திட்டின் நீளத்தைப் போல 2 முதல் 2.5 மடங்கு. அதாவது இது தனி ஆளாக வேலை செய்யும் பொருளே இல்லை, வரிசையாகத்தான் வேலை செய்யும்.

தாழ்வான திட்டின் வேலை இன்னும் நுட்பமானது. மூழ்கிக் கிடக்கும் ஒரு கல்வரிசையைத் தாண்டும் நீர், அந்த வரிசைக்குச் செங்குத்தான திசையில் இறங்கி ஓட முயலும். ஆகவே திட்டைக் கரையிலிருந்து ஓட்டத்துக்கு எதிராக, மேல்நோக்கிச் சாய்த்துப் போட்டால், தாண்டி விழும் நீர் ஆற்றின் நடுவுக்குத் திரும்பும். கீழ்நோக்கிச் சாய்த்துப் போட்டால் அதே நீர் கரையில் வந்து மோதும். பார்வைக்குக் கீழ்நோக்கிச் சாய்ந்ததுதான் இயல்பாகத் தெரியும், ஓட்டத்தோடு ஒத்துப்போவதைப் போல. வேலை நடக்கும் இடத்தில் வரைபடத்தைப் பார்க்காமல் கண்ணளவில் கல்லை அடுக்கினால் தவறு இங்கேதான் நேரும். பழி கடைசியில் முறையின் தலையில் விழும்.

அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1980களின் இறுதியில் மிசிசிப்பி ஆற்றுக்காக இந்த வடிவத்தை மாதிரித் தொட்டிகளில் சோதித்து உருவாக்கியது. முதலில் போடப்பட்ட இடம் இல்லினாய் மாநிலத்தில் டாக்டூத் பெண்ட் என்ற வளைவு. அங்கே நோக்கம் கப்பல் வழி. உள்வளைவு மணல்திட்டு வளர்ந்து வளர்ந்து சரக்குப் படகுகள் திரும்பவே இடமில்லாமல் போயிருந்தது. திட்டுகள் ஆழத்தில் கிடக்க, படகுகள் அவற்றின் மேலேயே போகின்றன. ஓட்டம் வெளிக்கரையைவிட்டு விலகியது, உள்வளைவின் மணல்திட்டு கரைந்து வழி அகன்றது. எதிர்க்கரை போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஓட்டம் நடுவுக்கு வரும்போது அது முதலில் எடுப்பது, முன்பு தானே கொண்டுவந்து கொட்டிய மணலைத்தான். அந்த மணல்திட்டு இல்லாத நேரான பகுதியிலோ, எதிர்க்கரையும் செங்குத்தாக நிற்கும் குறுகிய ஆற்றிலோ இதைப் போடக் கூடாது என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

மூன்றாவது வாதத்தை வெள்ளத்தைப் பார்த்த எவரும் சொல்வார்கள்: ‘ஆடி வெள்ளத்தில் கல் என்ன, மலையே போய்விடும்.’ கல் உருண்டு போவதற்குக் கணக்கு இருக்கிறது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அதைத் தாக்குப்பிடிக்கும் கல்லின் விட்டம் நான்கு மடங்காக வேண்டும், எடை 64 மடங்காக வேண்டும். நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் சுழித்தோடும் நீரில் ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கல் நின்றுவிடும். நொடிக்கு 3 மீட்டர் என்றால் 75 கிலோ அளவில் கல் வேண்டும். கூடவே, கருங்கல் நீருக்குள் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும் என்பதும் இந்தக் கணக்கிலேயே சேர்ந்திருக்கிறது. எனவே லாரியில் வந்ததையெல்லாம் கொட்டுவது வேலைக்கு ஆகாது. குவாரியில் உடைத்த, முனைகள் உள்ள கல் ஒன்றையொன்று கவ்வி நிற்கும். ஆற்றுக் கூழாங்கல் எவ்வளவு பெரிதானாலும் உருளும்.

உண்மையில் கல் உருண்டு போய்த் தோற்கும் திட்டுகளைவிட, அடி பறிபட்டுப் புதைந்து தோற்பவைதான் அதிகம். திட்டின் முனையில் நீர் சுழன்று ஆழமாகத் தோண்டும். பொறியாளர்கள் பயன்படுத்தும் லேசி வாய்பாடு தரும் வெள்ள ஆழத்தைப் போல 2 முதல் 2.5 மடங்கு வரை அங்கே ஆழம் போகும் என்று கணக்கிட்டுத்தான் வடிவமைக்க வேண்டும். அதற்காகவே முனையைச் சுற்றி ஆற்றுத் தரையில் கல்லைப் பரப்பி வைக்கிறார்கள், ஏப்ரன் என்று பெயர். பள்ளம் விழ விழ அந்தக் கற்கள் தாமாகச் சரிந்து இறங்கி, பள்ளத்தின் சரிவை மூடிக்கொள்ளும். கல் புதைவது இங்கே தோல்வி இல்லை, அதற்காகத்தான் அந்தக் கல் அங்கே போடப்பட்டது.

இது நமக்குப் புதிய அறிவும் இல்லை. அடி தெரியாத மணலில் கல்லைப் போட்டு, அது புதையப் புதைய மேலே அடுக்கி நிலைநிறுத்தும் வித்தையைக் கல்லணையில் செய்து காட்டியிருக்கிறார்கள். முக்கொம்பில் மேலணையும் தவளேஸ்வரத்தில் கோதாவரி அணையும் கட்டிய ஆர்தர் காட்டன், மணலில் அடித்தளம் இடக் கற்றுக்கொண்டது இந்நாட்டுப் பழைய வேலைகளிலிருந்துதான் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர். சரிந்திறங்கும் கல் விரிப்பை வட இந்தியப் பெருநதிகளின் ரயில் பாலங்களுக்காக முறைப்படுத்தி 1903இல் நூலாக எழுதியவர் பிரான்சிஸ் ஸ்பிரிங். சென்னைத் துறைமுகத்தின் தலைவராக இருந்து, அங்கே எழுத்தராக இருந்த கணித மேதை ராமானுஜனுக்குத் துணைநின்ற அதே ஸ்பிரிங்தான். அவரை ராமானுஜன் கதையின் ஓர் ஓரத்தில் மட்டுமே நாம் நினைவு வைத்திருப்பது எனக்கு வருத்தம்.

தோல்விகளைப் பட்டியலிட்டு மறுப்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்லும் இரண்டு தோல்விகளும் நடந்தவை. கலிபோர்னியாவில் கில்ராய் நகருக்கு அருகே யூவாஸ் ஓடையை 1995 நவம்பரில் அழகான சீரான வளைவுகளாகத் திருத்தி அமைத்தார்கள். 1996 பிப்ரவரி வெள்ளத்தில் எல்லாம் போயிற்று. அதை ஆராய்ந்தவர்கள் கண்டது என்னவென்றால், அந்த ஓடை வரலாற்றில் ஒருபோதும் அப்படி ஓடியதே இல்லை. அதன் இயல்பைப் படிக்காமல் வகைப்பாட்டு அட்டவணையில் இருந்த ஒரு வடிவத்தை அதன்மேல் திணித்திருந்தார்கள். கல்லை எங்கே போடுவது என்று ஆற்றைக் கேட்க வேண்டும் என்பதற்கு அது சான்று. கல்லே போடாதே என்பதற்குச் சான்று இல்லை.

கோசி ஆற்றில் நடந்தது இன்னும் கொடியது. 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசாஹாவில் கிழக்குக் கரை உடைந்தபோது ஆற்றில் ஓடியது நொடிக்குச் சுமார் 1.44 லட்சம் கன அடி. கரைகள் கட்டப்பட்டதோ 9.5 லட்சம் கன அடிக்கு. அங்கிருந்த ஸ்பர்கள் முதலில் அரிபட்டன, பிறகு கரை போயிற்று, பீகாரில் லட்சக்கணக்கானவர்கள் வீடிழந்தார்கள். ஸ்பர் காப்பாற்றவில்லையே என்கிறார்கள். இரு கரைகளுக்கு நடுவே வண்டல் படிந்து படுகை மேடாகிக்கொண்டே போக, ஓட்டம் கிழக்குக் கரையை ஒட்டி நெருக்கிக்கொண்டிருந்த ஆறு அது. ஸ்பர் சேதமாகத் தொடங்கியதற்கும் கரை உடைந்ததற்கும் நடுவே நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் வேலை நடந்திருக்க வேண்டும். எந்தச் சுவர் இருந்திருந்தாலும் அதற்கும் இதே கதி நேர்ந்திருக்கும்.

செலவைப் பற்றிய வாதத்துக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. வளைவு முழுக்க அடி முதல் தலை வரை கல் பதிப்பதைவிட, இடைவெளி விட்டுப் போடும் தாழ்வான திட்டுகளுக்குப் பொதுவாகக் கல் குறைவாகவே பிடிக்கும். நடுவில் உள்ள கரையில் நாணலும் மரமும் நிற்கலாம், திட்டின் கீழ்ப்புறத்துப் பள்ளத்தில் கோடையில் மீன் தங்கும். கல்லே கிடைக்காத வங்கதேசத்தில் ஜமுனா கரைக்கு மணல் நிரப்பிய ஜியோ பைகளைக் கொட்டிச் சமாளிக்கிறார்கள். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

நான் ஏற்கும் மறுப்பு ஒன்றுதான், அதை யாரும் சொல்வதில்லை. படுகையே கீழே இறங்கிக்கொண்டிருக்கும் ஆற்றில் எந்தக் கல்திட்டும் நிற்காது. மணலை அள்ளி அள்ளிப் படுகை தாழ்ந்தால் கரையின் உயரம் அந்த அளவுக்குக் கூடுகிறது. ஓர் அளவுக்கு மேல் உயர்ந்த மண்கரை தன் எடையிலேயே சரியும். திட்டின் அடிக்கல் அந்தரத்தில் நிற்கும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் மேலணையின் 9 மதகுகள் உடைந்தன, அதே மாதம் திருச்சியில் கொள்ளிடத்துப் பழைய பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. மணல் அள்ளியதும் ஒரு காரணம் என்று அப்போதே பேசப்பட்டது. அப்படிப்பட்ட ஆற்றில் கல்திட்டு கேட்பதற்கு முன்னால், கடந்த இருபது வருடத்தில் படுகை மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்ற அளவீட்டைக் கேட்க வேண்டும். சுவர் கேட்பதற்கு முன்னாலும் அதையேதான் கேட்க வேண்டும்.

மதிப்பீட்டில் இன்னொரு வரியும் இருக்க வேண்டும். ஏப்ரன் கல் சரிந்திறங்கினால் மேலே நிரப்ப, கரையிலேயே அடுக்கி வைக்கும் இருப்புக் கல். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் முனையில் ஆழம் பார்த்து, இறங்கிய அளவுக்கு மறுபடி போட வேண்டும். திறப்பு விழா முடிந்த கையோடு மறந்துவிடும் பணி இது என்று நினைக்கிற ஒப்பந்தத்தில், அந்த வரிதான் முதலில் அடிக்கப்படுகிறது.